பை கெடக்கட்டும், வா

எங்கள் மூத்த ஓரகத்திக்கு எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. கல்யாணமாகி நான் திண்டிவனம் வீட்டுக்குள் வலது காலை எடுத்துவைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பாலும் பழமும் கொடுத்துவிட்டுச் சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா, எங்க கொழுந்தனார உனக்குப் புடிச்சிருந்துச்சா, இல்ல உங்கப்பாரு சொன்னாருன்னு வந்துட்டியா?" என்று கேட்டார். மாமியார் இருமினார். "அப்பா சொன்னாரு, அப்பறம் பாத்தேன், புடிச்சிருந்துச்சு" என்று நான் எதையோ உளறினேன். "அப்ப சரி" என்று அவர் எழுந்து போய்ச் சாம்பாரைக் கிளற ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் என்னைப் பற்றி என்னிடமே கேட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவர் அக்கா, நடுவில் செல்வியக்கா, கடைசி நான். அவர்கள் இருவரும் திண்டிவனத்திலேயே இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை என்பதால் நாங்கள் மட்டும் இங்கே வந்துவிட்டோம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அக்கா வராமல் இருக்கமாட்டார். திரும்பிப் போகும்போது நானும் பேருந்து நிலையம்வரை கூடப் போவேன், வேடிக்கை பார்க்கத்தான்.

விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகிற வண்டிகளில் பாதி திண்டிவனம் ஊருக்குள் நுழையாது. பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் பறந்துவிடும். நாமெல்லாம் ஏறி, சீட்டுப் பிடித்து உட்கார்ந்து, நடத்துநர் வந்த பிறகு "உள்ள போவுங்களா?" என்று இழுப்போம். போகாது என்பார். இறங்கவும் மனசு வராமல் முணுமுணுத்துக்கொண்டே போவோம். அக்கா படியில் கால் வைப்பதற்கு முன்னால் ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே போய் நிற்பார். "தம்பி, ஊருக்குள்ள வருவியா, மாட்டியா? மாட்டன்னா இப்பவே சொல்லிடு, கோவிச்சிக்க மாட்டேன்." அப்படிக் கேட்டால் யாருக்குமே பொய் சொல்ல வாய் வராது. "நீங்க இப்படி எல்லாத்தையும் பட்டுனு கேக்கறீங்களேக்கா" என்றால், "கேட்டா இன்னா, கொறஞ்சா போயிடுவோம்?" என்பார். அதுதான் அவர் பேச்சு. நாளுக்குப் பத்துத் தடவை அதைச் சொல்லியிருப்பார்.

இவ்வளவு கேட்கிற மனுஷி தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஆட்களுக்குக் கடல் என்றால் கொள்ளை ஆசை. பொம்மையார்பாளையம், பாண்டிச்சேரி, மகாபலிபுரம் என்று வேன் வைத்துக்கொண்டு போவோம். போய் இறங்கியதும் எல்லாரும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவார்கள். அக்கா மணலில் ஒரு பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். அவரைச் சுற்றிச் செருப்பு, கைக்கடிகாரம், போன், புளிசாதத் தூக்கு, தண்ணீர்க் கேன், யாரோ கழற்றிக் கொடுத்த தோடு. காவலுக்கு உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மூத்த மருமகள் என்றால் அப்படித்தான் என்று அவரும் உட்கார்ந்தார், நாங்களும் விட்டுவிட்டோம். கணுக்கால் நனையாமல் அத்தனை கடலையும் அவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அது ஒருநாள் வெடித்தது. மாமியாரின் திதிக்கு எல்லாரும் கூடியிருந்தோம். இலையெல்லாம் எடுத்த பிறகு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த மாதம் எங்கே வேன் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார்.

"நான் கடல்ல எறங்கணும்."

"எறங்கேன். யாரு வேணான்னது?" என்றார் பெரியவர்.

"பை இல்லாத கடலு. உங்க சொந்தக்காரங்க யாரும் வராத கடலு."

"அப்படி ஒரு கடலு எங்க கீது?"

"அந்தமான்ல கீது" என்றார் அக்கா. "நான், செல்வி, இவ. மூணு பேரு போறோம். நாலு நாளு. முடிவு பண்ணியாச்சு."

எனக்கே அப்போதுதான் தெரியும். செல்வியக்கா கையில் இருந்த பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஏன் அந்தமான் என்று பிறகு கேட்டேன். போனில் ஒரு வீடியோ பார்த்தாராம். அடியில் கண்ணாடி பதித்த படகு, அதன் கீழே கலர் கலராக மீன். "குனிஞ்சு பாத்தா தெரியுதுடி. நாம பாக்கறது அதுங்களுக்குத் தெரியாது" என்றார். அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பெங்களூரில் இருக்கும் அவர் மகள் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டால் அக்கா அங்கே போய்விடுவார். அப்புறம் குழந்தைக்குக் காவல், அது பள்ளிக்கூடம் போகிறவரைக்கும். "இப்ப உட்டா நான் கடல்ல எறங்கவே மாட்டேன்" என்று அவர் சொன்னதில் விளையாட்டே இல்லை.

விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த பெண் வெள்ளை மணல், பவளப்பாறை, மான், பழைய சிறைச்சாலை என்று தேனாகப் பேசிக்கொண்டே போனாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த பீச்சுல மொதல வரும்?" என்றார். அந்தப் பெண் திகைத்துப்போனாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்." "இருக்குதாம்மா. எம் பொண்ணு சொன்னா. வர்ற பீச்சு எது, வராத பீச்சு எது, சொல்லு." அவள் யாருக்கோ போன் போட்டு, இந்தியில் கொஞ்சம் இங்கிலீஷில் கொஞ்சம் பேசி, கடைசியில் முதலை வராமல் கடலுக்குள் வலை கட்டிய கடற்கரை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கேக்கறேன்?" என்று அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்து வீட்டுக்காரர்களின் சாப்பாடு. என் வீட்டுக்கு வந்து என் கணவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாலு நாளு இவ இருக்கமாட்டா. தோச ஊத்தத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"ஊத்து, பாக்கலாம்."

பாவம், மனுஷன் ஊற்றினார். ஓரம் கருகி, நடுவில் மாவாகவே இருந்தது. அக்கா அதையும் மல்லாட்டைச் சட்னியோடு (வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) ஒரு துண்டு விடாமல் தின்றார். "பரவால்ல. செத்துட மாட்ட" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செல்வியக்காவின் அம்மாதான் எங்கள் முட்டாள்தனத்தை முதலில் கண்டுபிடித்தவர். "ஏண்டி, மூணு பேரும் ஒரே பங்காளி ஊட்டுல வாக்கப்பட்டவளுங்க. ஒரு சாவு வுழுந்தா மூணு பேருக்கும் தீட்டு. டிக்கெட் மூணும் போச்சு. ஒருத்தியாச்சும் வெளியாளா சேக்கக்கூடாதா?" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பங்காளி வீட்டில் சாவு என்றால் காரியம் முடிகிறவரை கோயில் கிடையாது, விசேஷம் கிடையாது, ஊர் சுற்றுவது கிடையவே கிடையாது. ஆனால் அப்போது சாகிற நிலையில் யாரும் இல்லை.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது பெரிய மாமா கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டார். எங்கள் மாமனாரின் அண்ணன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் மகன் வீட்டில் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இந்த வயசில் கத்தி வைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று ஊரே பேச ஆரம்பித்தது.

பேஜார் பிடித்தது. என் கணவர், "இப்பப் போவணுமா? பங்காளிங்க இன்னா பேசுவாங்க?" என்றார். செல்வியக்காவின் வீட்டுக்காரர் அதைவிட ஒரு படி மேலே போய், "பெட்டியத் தொட்ட, பாத்துக்க" என்றாராம். தேதியை மாற்ற முடியாது என்று டிராவல்ஸ் பெண் கையை விரித்தாள். எனக்கும் போகிற ஆசை வடிந்துவிட்டது. ஒரு மனுஷர் எப்போது சாவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு துணி மடிப்பது எப்படி இருக்கும்? எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அதை அக்காவிடம் சொன்னேன்.

"அவரப் பத்தி ஊரெல்லாம் பேசறோம். அவருகிட்ட யாராவது கேட்டமா?" என்றார் அக்கா.

"இன்னாத்தக்கா கேக்கறது?"

"கெளம்பு."

டவுன் பஸ் பிடித்துப் போனோம். பெரிய மாமா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. அவருடைய மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தார். எனக்குள் ஐயோ, கேட்டுவிடுவாரே என்று பதறியது. கேட்டேவிட்டார்.

"மாமா, நாங்க மூணு பேரும் அந்தமான் போறோம். போயிட்டு வர்ற வரைக்கும் தாங்குவீங்களா?"

விசிறி நின்றது. மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். பெரிய மாமாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"நீதாண்டி நேரா கேக்கற. மத்தவனுங்கல்லாம் வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போயிடறானுங்க" என்றார். அப்புறம் மருமகளிடம், "இதுங்களுக்கு டீ போடு" என்றார். சங்கடத்தில் நானும் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போய்விட்டேன். உள்ளே இருந்தபோது வெளியில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவது கேட்டது. ஒரு தடவை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது, "இன்னாக்கா சொன்னாரு?" என்று கேட்டேன். "போயிட்டு வான்னாரு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்று சாயங்காலமே கொழுந்தனார்கள் இருவரையும் கூப்பிட்டு, "மாமாவே சொல்லிட்டாரு. சந்தேகம்னா நீங்களே போயிக் கேளுங்க" என்றார். போய்க் கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

போனோம். போர்ட் பிளேரில் இறங்கி, மறுநாள் கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயந்திரம் ஆகிவிட்டது. கடல் அங்கே நம் கடல் மாதிரி இல்லை. அலை ஆர்ப்பாட்டமே கிடையாது. பச்சையும் நீலமும் கலந்து அமைதியாகக் கிடந்தது. அக்கா மணலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு எறங்கறேன். இன்னிக்குப் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. அங்கே சிக்னல் கிடைப்பதே அபூர்வம். நடந்து போய் ஒரு பெரிய மரத்தடியில் நின்று பேசினார். மகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். திரும்பி வந்தவர் எங்கள் இருவரிடமும் கையை நீட்டி, "உங்க போனக் குடுங்க. உப்புத் தண்ணி பட்டா வீணாப் போயிடும்" என்று வாங்கி, தன் ஜாக்கெட்டுக்குள் வைப்பதுபோல வைத்து, அப்புறம் எடுத்து அணைத்து, பைக்குள் அடியில் போட்டார். நான் பழக்க தோஷத்தில், "பைய யாருக்கா பாத்துக்கறது?" என்றேன்.

"பை கெடக்கட்டும், வா."

இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. "தலையோட முழுகணும்" என்றார். செல்வியக்கா, "நேத்துதாங்க்கா தலைக்கு ஊத்தினேன்" என்று சிணுங்கினார். "முழுகுடி." அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. மூன்று முறை முழுகினோம். அக்கா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, தெற்கே பார்த்து நின்று முழுகினார். எழுந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எங்களுக்கும் உப்பில் கண் எரிந்தது. கரைக்கு வந்து பார்த்தால் ஒரு நாய் எங்கள் பையைக் கிழித்து முறுக்குப் பொட்டலத்தை இழுத்துக்கொண்டு போயிருந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

மதியம் கண்ணாடிப் படகு. கிளிப்பச்சை மீன், வரிக்குதிரைக் கோடு போட்ட மீன், பாறைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாலை மட்டும் ஆட்டுகிற ஒன்று. படகுக்காரர் தமிழர். அக்கா அவரிடம், "மேல நாம இருக்கறது இதுங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டார். "தெரியாதும்மா" என்றார் அவர். அக்கா ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் முருகன் கோயிலுக்குப் போவதாகத்தான் முதலிலிருந்தே திட்டம். செல்வியக்கா அதற்கென்றே பட்டுப்புடவை கொண்டுவந்திருந்தார். அக்கா வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, "கோயிலு நம்மூர்ல இல்லாததா? வா, மான் பாக்கலாம்" என்று பக்கத்துத் தீவுக்குப் படகு ஏற்றிவிட்டார். இடிந்த கட்டடங்களுக்கு நடுவில் மான்கள் பயமில்லாமல் வந்து கையை முகர்ந்தன. அப்புறம் அந்தப் பழைய சிறையைச் சுற்றிப் பார்த்தோம். போன் கேட்டால், "சார்ஜ் இல்ல" என்றார். பையை விட்டவர் போனை மட்டும் விடவில்லை. முருகனைப் பார்க்காமல் வந்த கோபத்தில் செல்வியக்கா விமானத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்னையில் இறங்கிப் பேருந்து ஏறி, திண்டிவனம் நெருங்கும்போது அக்கா சொன்னார், "வீட்டுக்குப் போவ வேணாம். நேரா ஊருக்குப் போறோம். மாமா போயிட்டாரு. நாம முழுகின அன்னிக்குக் காலைல."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் வந்தது அழுகையில்லை, கோபம். நாய்க்கும் மீனுக்கும் நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது. "எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேரா கேப்பீங்களே, இத மட்டும் ஏங்க்கா மறைச்சீங்க?" என்றேன்.

"அவரு சொன்னாருடி. நீ டீ போடப் போனப்ப. 'நான் போயிட்டா பாதியில ஓடி வராத. அந்தக் கடல்லயே எனக்கு ஒரு முழுக்கு போட்டுட்டு, பாக்க வேண்டியதப் பாத்துட்டு வா. சின்னதுங்ககிட்ட சொல்லாத, அழுதுக்கினு உக்காந்துடும்'னாரு. எம் புருஷன்கிட்டயும் தம்பிங்ககிட்டயும் நான்தான் அன்னிக்கு போன்லயே உங்ககிட்ட சொல்லவேணாம்னு சொல்லிட்டேன். வாக்கு குடுத்துட்டேன்" என்றார்.

சாவு வீட்டில் பங்காளிப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியோடு நாங்கள் நுழைந்ததும் ஒருத்தி சத்தமாகவே, "கடல்ல குளிச்சிக் கும்மாளம் போட்டுட்டு வர்றாளுங்க" என்றாள். செல்வியக்கா என் பின்னால் ஒளிந்தார். அக்கா நடுக்கூடத்தில் நின்றார்.

"ஆமா, குளிச்சோம். அவருக்குத்தான் குளிச்சோம். இவங்க ரெண்டு பேருக்கும் எதுவும் தெரியாது. பேசறதுன்னா என்னப் பேசுங்க."

பெரிய மாமாவின் மருமகள் எழுந்து வந்தாள். அன்றைக்கு என்னை எரித்த அதே கண். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி எப்டிக்கா இருந்துச்சு? வந்தா மறக்காம கேளுன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.

அக்கா மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "வெதுவெதுன்னு இருந்துச்சு மாமா" என்று சொல்லிவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார். என் கோபம் அங்கேயே போய்விட்டது. நானும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் பேத்தி பிறந்தாள், அக்கா பெங்களூர் போனார், அவர் சொன்னபடியே காவலுக்கு உட்கார்ந்தார். மறுபடி கடலுக்குப் போகவில்லை. போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். யாரிடமும் எதுவும் கேட்காமல் போனது அந்த ஒருமுறைதான்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வியக்காவும் நானும் மட்டும் பேருந்து ஏறிப் பொம்மையார்பாளையம் போனோம். வீட்டில் சொன்னால் ஏன் எதற்கு என்பார்கள், சொல்லவில்லை. மணலில் இறங்கியதும் செல்வியக்கா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். பையைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்துக்கொள்ள அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பை கெடக்கட்டும்க்கா. வாங்க."